கரண்ட் கணக்கும் வட்டியும்

வியாபாரம் செய்யும் முஸ்லிம்களில் பலர் கடைப் பணத்தை வங்கியின் கரண்ட் கணக்கில் போட்டு வைப்பதை ஒரு நிம்மதியாகவே கருதி வந்துள்ளனர். சேமிப்புக் கணக்கில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வட்டி விழும். கரண்ட் கணக்கில் விழாது. போட்டதை எடுக்கலாம், காசோலை கொடுக்கலாம், வட்டியின் புழுதி மேலே படாது என்பது அவர்களின் எண்ணம். அந்த நிம்மதிக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது.

தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் வினவுகிறார்: "வருஷத்தில் சில மாதங்கள் எங்கள் கரண்ட் கணக்கில் நாலு லட்சம் வரை சும்மா நிற்கிறது. இதை வேறு வகைக் கரண்ட் கணக்காக மாற்றிக்கொண்டால் மிச்சப் பணத்துக்கு வட்டி கிடைக்கும் என்று வங்கியில் சொல்கிறார்கள். கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. கிடைப்பதை விடுவது சரியா? மாற்றினால் லாபமா? மார்க்கத்தில் கூடுமா?"

உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலும், அடையாற்றிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் அநேகருக்கு இதே கேள்வி இருக்கும். அன்பர் லாபத்தை முன்னாலும் கூடுமா என்பதைப் பின்னாலும் வைத்திருக்கிறார். நாம் அதை மாற்றி வைத்துக்கொள்வோம். லாபக் கணக்கையும் விடப்போவதில்லை. அதையும் ரூபாய் பைசாவாகவே பார்ப்போம்.

முதலில் அந்தக் கணக்கு என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் கரண்ட் கணக்குக்கு வங்கிகள் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2016ல் வெளியான வைப்பு வட்டி விதிகளிலும் அது அவ்வாறே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவில்கூட 1933ல் போடப்பட்ட இதே போன்ற தடை 2011ல்தான் நீங்கிற்று. ஆகவே "வட்டி தரும் கரண்ட் கணக்கு" என்று நேராக ஒன்று இங்கே இல்லை. இருப்பது வேறு. கணக்கில் ஒரு வரம்பு வைப்பார்கள். ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சேரும் பணத்தை வங்கியின் கம்ப்யூட்டர் தானாகவே பிக்ஸட் டெபாசிட்டாக மாற்றிவிடும். நீங்கள் காசோலை கொடுத்துப் பணம் போதாவிட்டால், அந்த டெபாசிட்டை வேண்டிய அளவுக்கு உடைத்துத் தானாகவே கணக்குக்குக் கொண்டுவரும். இதற்கு "ஆட்டோ ஸ்வீப்" என்று பெயர். வட்டி வருவது கரண்ட் கணக்கிலிருந்து அன்று. அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் பிக்ஸட் டெபாசிட்டிலிருந்து. பெயர் பழையதாகவே இருப்பதால், "நான் கரண்ட் கணக்குத்தானே வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் மனதார நம்பிக்கொண்டு வட்டி வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். வங்கியில் நாம் போடும் பணம் மார்க்கச் சட்டத்தில் எந்த வகை? அமானிதமா, கடனா? பெரும்பாலோர் அமானிதம் என்றே நினைக்கின்றனர். "பத்திரத்துக்குப் போட்டிருக்கிறேன்" என்றுதானே சொல்கிறோம்! ஆனால் அமானிதம் என்றால் கொடுத்த பொருள் அப்படியே இருக்க வேண்டும். வாங்கி வைத்தவர் அதைத் தொடக்கூடாது. அவருடைய கவனக்குறைவு இல்லாமல் அது தொலைந்துபோனால் அவர் ஈடு செய்யவும் வேண்டியதில்லை. வங்கியோ அப்படியில்லை. நாம் போட்ட பணத்தை அது செலவழிக்கிறது, பிறருக்குக் கொடுக்கிறது. என்ன ஆனாலும் நமக்குத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறது. இது கடன். கொடுத்தவர் நாம், வாங்கியவர் வங்கி.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஸஹாபாக்களின் வாழ்விலேயே தெளிவான ஒரு நிகழ்ச்சி உண்டு. ஸஹீஹுல் புகாரியில் நீண்ட செய்தியாக அது பதிவாகியிருக்கிறது. ஹஸ்ரத் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் தங்கள் பணத்தைப் பாதுகாப்புக்காகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அமானிதமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஸுபைர் (ரலி) அவர்கள் அதற்கு ஒப்பமாட்டார்கள். அது தொலைந்துபோய்விடும் என்று அஞ்சுகிறேன், ஆகவே கடனாகக் கொடுங்கள் என்பார்கள். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். அமானிதமாக வாங்கியிருந்தால் தொலைந்தபோது கொடுத்தவருக்குத்தான் நஷ்டம். கடனாக வாங்கியதால் பொறுப்பு முழுவதும் அவர்கள் தலைமீது விழுந்தது. பிறர் பணத்துக்கு இப்படிப் பொறுப்பேற்றுப் பொறுப்பேற்று, ஜமல் யுத்தத்தின்போது அவர்கள் ஷஹீதானபோது கடன் கணக்குப் பார்த்தால் 22 லட்சம் என்று வந்தது.

தீனாரோ திர்ஹமோ ரொக்கமாக ஏதும் இல்லை. நிலங்களும் வீடுகளும்தான் இருந்தன. மகனார் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் தந்தையின் கடனை அடைக்க முனைந்தார்கள். 1,70,000க்கு வாங்கப்பட்டிருந்த ஙாபா என்ற நிலம் 16 லட்சத்துக்கு விலைபோயிற்று. கடன் அடைந்ததும் வாரிசுகள் பாகம் பிரிக்கச் சொன்னார்கள். நான்கு வருஷம் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவித்த பிறகுதான் பிரிப்பேன் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியே செய்தார்கள். இத்தனை பேருடைய பணத்துக்கு ஈடு நின்ற கணக்கில், போட்டதைப் போட்டபடி திருப்பித் தருவதே ஒப்பந்தமாக இருந்தது.

சாதாரணக் கரண்ட் கணக்கு இந்த வகையைச் சேர்ந்ததுதான். இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹு அகாடமி 1995ல் அபூதாபியில் கூடியபோது, கரண்ட் கணக்கில் போடப்படும் பணம் வங்கிக்குக் கொடுத்த கடனே என்று முடிவு செய்தது. கடன் என்று ஆகிவிட்டால் அடுத்தது தானாக வருகிறது. கொடுத்த கடனுக்கு மேல் இவ்வளவு தரவேண்டும் என்று பேசி வாங்குவது ரிபா. பகரா ஸூராவின் 275 முதல் 279 வரையுள்ள ஆயத்துகளில் அல்லாஹுத்தஆலா வியாபாரத்தை ஆகுமாக்கி ரிபாவை விலக்கியிருப்பதும், விடாதவர்களுக்கு யுத்த அறிவிப்பே செய்திருப்பதும் நாம் அறிந்தவை. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் இதில் வேறுபாடில்லை.

வங்கி வட்டி இந்த ரிபாவில் சேருமா என்று ஒரு காலத்தில் சிலர் வாதாடியதுண்டு. ஏழை எளியவர் இரத்தத்தை உறிஞ்சும் வட்டிதான் விலக்கப்பட்டது, பெரிய வங்கி நமக்குத் தருவது அப்படியன்று என்றார்கள். 1965ல் கெய்ரோவில் கூடிய அல்அஸ்ஹரின் ஆய்வு மன்றமும், 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமியும் வங்கி வட்டி ரிபாவே என்று தீர்மானித்தன. கடன் வாங்கியவர் ஏழையா பணக்காரரா என்பதில் சட்டம் மாறாது.

இங்கே படித்த இளைஞர் ஒருவர் குறுக்கிட்டு ஒரு நியாயம் பேசலாம். "நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அதைவிட நல்ல ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்தார்களே? நல்ல முறையில் கடனை அடைப்பவரே சிறந்தவர் என்றும் அருளினார்களே? வங்கி கூடக் கொடுத்தால் அதுவும் அப்படித்தானே?" கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்த ஒட்டகத்துக்கு முன்கூட்டிப் பேச்சு எதுவும் இல்லை. கொடுத்தவர் எதிர்பார்த்தும் கொடுக்கவில்லை. வங்கியிலோ எத்தனை நாளுக்கு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தானே நாம் மாற்றப் போகிறோம்! ஹஸ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், வட்டி பரவியிருக்கும் ஊரில் வாழ்ந்த ஒருவருக்கு ஒரு புத்தி சொன்னார்கள். உன்னிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலோ வாற்கோதுமையோ தீவனமோ அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்காதே, அது ரிபா என்றார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. வைக்கோல் சுமையிலேயே இத்தனை பேணுதல் என்றால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தரும் தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் 1983ல் தொடங்கிய பேங்க் இஸ்லாம் முதலான வங்கிகளில், வைத்த பணத்துக்கு முன்பேச்சு இல்லாமல் வங்கி தானாக விரும்பி ஹிபா கொடுக்கும் வழக்கம் வந்தது. அதையும்கூட, ஆண்டுதோறும் வழக்கமாகிவிட்டால் பேசி வாங்கியது போலாகாதா என்று ஆலிம்கள் கேட்டிருக்கிறார்கள். நம் அன்பரின் கணக்கில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆகவே கூடுமா என்பதற்கு விடை, கூடாது. பழைய கரண்ட் கணக்கு அப்படியே இருக்கட்டும்.

இனி லாபமா என்பதைப் பார்ப்போம். விலக்கப்பட்டது கோடி ரூபாய் தந்தாலும் விலக்கப்பட்டதுதான். லாபம் குறைவு என்பதற்காக அது ஹராமாகவில்லை. என்றாலும் பெரிய ஆதாயத்தைக் கைநழுவ விடுகிறோமோ என்ற ஏக்கம் மனத்தில் கிடந்தால் ஷைத்தானுக்கு அது வசதியான வாசல். கணக்கைப் போட்டு அந்த வாசலை அடைத்துவிடுவது நல்லது.

துணிக்கடைப் பணம் ஓரிடத்தில் நிற்பதில்லை. இப்போது வாடிக்கையாளர்கள் கடையிலுள்ள க்யூ.ஆர். அட்டையைப் போனில் ஸ்கேன் செய்தே பணம் செலுத்துகிறார்கள். சனி, ஞாயிறு விற்பனை கணக்கில் ஏறுகிறது, வார நடுவில் சரக்குக்காரருக்குக் காசோலை போய்விடுகிறது. பிக்ஸட் டெபாசிட்டுக்குக் குறைந்த காலம் 7 நாள்; அதற்குள் உடைந்த பணத்துக்கு ஒன்றுமே கிடையாது. எனவே உண்மையாக நிற்கும் பணம் வரம்பான ஒரு லட்சம் போக மூன்று லட்சம், வருஷத்தில் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்வோம். குறுகிய கால டெபாசிட்டுக்கு வட்டி குறைவு. நூற்றுக்கு நாலரை என்று தாராளமாகவே வைப்போம். வருவது 4,500 ரூபாய். அன்பர் ஐந்தில் ஒரு பங்கு வருமான வரி கட்டுபவரானால் 900 போயிற்று, மீதி 3,600. இத்தகைய கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பும் கூடுதலாகவே கேட்பார்கள். பெருநாள் சரக்கு எடுக்கும் இரண்டு மாதம் இருப்பு குறைந்து, மாதம் 500 அபராதமும் அதன்மேல் நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி.யும் விழுந்தால் 1,180. கடைசியில் கையில் நிற்பது 2,420 ரூபாய். மாதத்துக்கு இருநூறு! தியாகராய நகர் வாடகையில் இது எந்த மூலைக்கு?

வாடகையைச் சமாளிக்க வேண்டும் என்பது நியாயமான கவலைதான். அதை நாம் லேசாக எண்ணவில்லை. மேலும் சும்மா கிடக்கும் பணத்துக்கு வருஷந்தோறும் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தும் உண்டு. நாலு லட்சத்துக்குப் பத்தாயிரம். பணத்தைத் தூங்கவிடாதே என்று மார்க்கமே தூண்டுகிறது எனலாம். தூங்குகிற பணத்தை எழுப்ப வியாபாரிக்கு வங்கியைவிட நல்ல இடம் அவருடைய சரக்கறைதான். ஈரோட்டிலோ சூரத்திலோ சரக்கு எடுக்கும்போது ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று இருப்பதை எல்லோரும் அறிவர். நம்மில் பலர் கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டே பழக்கத்தினால் தவணைக்கு எடுக்கிறோம். அந்த மூன்று லட்சத்தைக் கையில் கொடுத்து ரொக்க விலை பேசி, நூற்றுக்கு இரண்டு குறைத்தாலும் ஒரே கொள்முதலில் 6,000 மிச்சம். ஸ்வீப் கணக்கு வருஷம் முழுவதும் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் தூய வியாபார ஆதாயம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எந்த விலை என்பதைப் பேரம் முடியும்போதே ஒன்றாக முடித்துவிட வேண்டும். இரண்டையும் தொங்கவிட்டுப் பிரியக்கூடாது.

நம்பிக்கையான ஒருவருடைய வியாபாரத்தில் லாப நஷ்டக் கூட்டாகப் போடுவதும் கூடும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வட்டிக்காக அங்கே பணம் போட்டிருந்தவர்கள் பலர் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, வட்டி வேண்டாம், ஹலாலான லாபம் போதும் என்று நம்பிப் போட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தன. நகையை விற்றுப் போட்ட விதவைகளும் அவர்களில் உண்டு. ஹலால் என்று பலகை மாட்டிக்கொண்டு மாதந்தோறும் தவறாத லாபம் தருவதாகச் சொல்பவரிடம், இந்த மாதம் நஷ்டம் வந்தால் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் கரண்ட் கணக்கிலேயே பணம் சும்மா கிடக்கட்டும். அங்கே 5 லட்சம் வரை வைப்பீட்டுக் காப்பாவது 2020 முதல் இருக்கிறது.

வட்டியில்லா வங்கி நம் நாட்டில் வராதா என்று சிலர் கேட்கின்றனர். 2008ல் ரகுராம் ராஜன் குழு அதைப் பரிந்துரைத்தது. பிறகும் பேச்சு நடந்தது. 2017ல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று தெரிவித்துவிட்டது. இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி நடந்துவருவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.

கடைக்காரருக்குச் சொன்னதைக் கேட்டு வீட்டிலுள்ள சகோதரிகள் கலங்க வேண்டாம். "அப்படியானால் எங்கள் சேமிப்புக் கணக்கையும் கரண்ட் கணக்காக மாற்றிவிட வேண்டுமா?" என்று அவர்கள் கேட்பார்கள். மகளிர் உரிமைத் தொகையாகட்டும், காஸ் மானியமாகட்டும், இப்போது வங்கிக் கணக்கு வழியாகத்தான் வருகிறது. கரண்ட் கணக்கில் பல்லாயிரம் ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஆயிரம் ரூபாய் வரவுள்ள ஒரு குடும்பத்துக்கு அது ஆகிற காரியமன்று. குறைந்தபட்ச இருப்பே கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு 2012 முதல் எல்லா வங்கிகளிலும் உண்டு. அதை வைத்துக்கொள்ளலாம். கணக்கில் விழும் வட்டி நம்முடையதன்று என்று மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நூற்றுக்கு இரண்டரை வீதம் என்றால், சராசரியாக 20,000 ரூபாய் நிற்கும் கணக்கில் வருஷத்துக்கு 500 ரூபாய் வரும். பாஸ்புத்தகத்தில் வட்டி என்று பதிவாகியிருக்கும் தொகையை மட்டும் கூட்டி எடுத்து, நன்மையை எதிர்பாராமல், நம்மைவிட்டுக் கழிக்கும் எண்ணத்தோடு தேவையுள்ள ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். வங்கியிலேயே விட்டுவிடுவதைவிட இதுவே மேல் என்பது நம் நாட்டு ஆலிம்கள் பலரின் கருத்து. அதை ஜகாத்தில் சேர்க்கக்கூடாது. வட்டியை வைத்துக்கொண்டு அதற்கும் சேர்த்து ஜகாத் கொடுத்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்று எண்ணுவோரும் உளர், அதற்கு ஆதாரமில்லை.

வசதியுள்ளவர், சேமிப்புக் கணக்கில் பத்து லட்சத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு "வட்டியைத்தான் ஏழைக்குக் கொடுத்துவிடுகிறேனே" என்று சொல்வது வேறு. கரண்ட் கணக்கு வைக்க முடிந்தவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்றே நாம் எண்ணுகிறோம். ஹஜ்ஜத்துல் விதாவில் நாயகம் (ஸல்) அவர்கள் அறியாமைக் கால வட்டியை ரத்து செய்தபோது, முதலாவதாக ரத்தானது அவர்களுடைய சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டிதான். வசதியுள்ளவர் வீட்டிலிருந்தே அது தொடங்கிற்று.

அன்பரும் அவர் போன்ற கடைக்காரர்களும் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. கணக்கு திறந்தபோது கையெழுத்திட்ட படிவத்தில் ஆட்டோ ஸ்வீப் வசதிக்கும் சேர்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று வீட்டாருக்குச் சொல்லி வைக்க வேண்டியது. கரண்ட் கணக்குக்கு வட்டி இல்லை என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தனிநபரோ, தனி ஒருவராகக் கடை நடத்தியவரோ இறந்துவிட்டால், இறந்த நாள் முதல் வாரிசுகளிடம் பணம் கொடுக்கும் நாள் வரை, அந்தக் கரண்ட் கணக்கு இருப்புக்குச் சேமிப்புக் கணக்கு வீதத்தில் வங்கி வட்டி சேர்த்துக் கொடுக்கிறது. வாப்பா ஆயுள் முழுவதும் தொடாத ஒன்று, அவர்கள் மௌத்துக்குப் பிறகு அவர்கள் சொத்தோடு கலந்து வாரிசுகள் கைக்கு வந்துவிடும். வாரிசுச் சான்றிதழ், நாமினி, உம்மாவின் இத்தா என்று ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிவிடுவது சாதாரணம். நாலு லட்சத்துக்கு ஒரு வருஷத்தில் சில ஆயிரங்கள் சேர்ந்திருக்கும். ஆகவே வங்கியில் பணம் வாங்கும்போதே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்த வட்டியைத் தனியே கழித்துவிட்டு, மய்யித்தின் கடன்களையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகே, எட்டில் ஒன்று யாருக்கு, ஆணுக்கு எத்தனை, பெண்ணுக்கு எத்தனை என்ற ஃபராயிள் கணக்கை ஆலிமிடம் கொண்டுபோக வேண்டும்.